கொட்டகைத் தரையில் கிடந்த உருவம்

டூங்கபி என்ற புறநகரில் நாங்கள் வீடு வாங்கியபோது வளவின் பின்பக்கத்தில் ஒரு பெரிய தகரக் கொட்டகை நின்றது. வீட்டைக் காட்டிய முகவர் அதை, சாமான் போட்டு வைக்க, "ஸ்ரோரேஜ்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு எங்களைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனார். குசினி நன்றாக இருந்தது. மனைவிக்குக் குசினி பிடித்துவிட்டால் எனக்கு முழு வீடும் பிடித்த மாதிரித்தான். அதனால் கொட்டகையை அன்றைக்கு நான் சரியாகப் பார்க்கவில்லை.

புதுவீடு குடிபூரலன்று மழை வரும் என்று சொன்னார்கள். சாப்பாட்டைக் கொட்டகைக்குள் வைக்கலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். தரையில் ஒட்டிக் கிடந்த பழைய கம்பளத்தை நானும் மனைவியும் ஒரு மூலையிலிருந்து உரித்துக்கொண்டு வந்தோம். பாதியில் அவள் கையை எடுத்துவிட்டாள். சீமெந்துத் தரையில் மஞ்சள் பெயின்ற்றால் ஒரு ஆளின் உருவம் கீறியிருந்தது. ஒருக்களித்துப் படுத்த ஆள். முழங்கால் மடிந்து, கைகள் முன்னால் நீண்டு, தலை கொஞ்சம் பின்னால் சரிந்து கிடந்தது. கொலை நடந்த இடத்தில் பொலீஸ்காரர் கீறுவதைத் தொலைக்காட்சியில் காட்டுவார்களே, அச்சொட்டாக அதேதான்.

"ஐயோ கடவுளே, இஞ்சை ஆரையோ கொலை செய்திருக்கிறாங்கள்," என்றாள் மனைவி.

"விசர்க்கதை கதையாதை. ஆரும் பெடியள் விளையாட்டுக்குக் கீறியிருப்பாங்கள்."

"விளையாட்டுக்கு இப்பிடி அளவாக் கீறுவாங்களே? வடிவாப் பாருங்கோ, குதிக்கால் கூடத் தெரியுது."

குதிக்கால் தெரிந்தது உண்மைதான். அதற்குப் பிறகு நானும் கம்பளத்தைத் தொடவில்லை. முகவருக்குப் போன் எடுத்துக் கேட்டேன். அவர் சிரித்தார். எனக்குக் கோபம் வந்து போனை வைத்துவிட்டேன். வீடு எழுதி முடிந்த பிறகு எந்த முகவர் அழுதிருக்கிறார்?

கோவில் ஐயரைக் கூட்டிக்கொண்டு வந்தோம். வாசலில் நின்று எட்டிப் பார்த்தவர், உள்ளே வராமலே, ஒரு சாந்தி செய்தால் நல்லது என்றார். நீற்றுப் பூசணிக்காய் வெட்ட வேண்டும். பிளாக்டவுனில் நாங்கள் போன கடையில் பிளாஸ்ரிக் சுற்றிய பாதிப் பூசணிதான் இருந்தது. பாதிக்கு அடங்குகிற பேய் அது இல்லை என்று மனைவி ஒரே பிடியாக நின்றாள். கடைக்காரரிடம் சொல்லி வைத்து முழுக்காய் எடுப்பித்து, நடுவில் குடைந்து குங்குமம் நிரப்பி, அந்த உருவத்தின் தலைமாட்டில் வைத்து உடைத்தோம். சிவப்புத் தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. பிறகு கம்பளத்தை இழுத்து மூடி, கொட்டகைக்கு ஆமைப்பூட்டுப் போட்டோம். புல்லு வெட்டுகிற மெசின் வீட்டுக்கு வெளியே மழையில் நனைந்து கறள் பிடித்தது. அதை எடுத்துக் கொட்டகைக்குள் வைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

என் அக்கா வந்து சேர்ந்தது அதற்குப் பிறகுதான். அக்கா கலியாணம் செய்யவில்லை. சண்டைக்குள் ஊரை விட்டு வெளிக்கிட்ட நாளிலிருந்து அவர் இருந்ததெல்லாம் மற்றவர்களின் வீடுகளில். மாமியின் பின்னறை, வவுனியாவில் ஒரு தூரத்துச் சொந்தக்காரரின் விறாந்தை, சென்னையில் சின்னண்ணையின் வாடகை வீட்டு ஹோல், கடைசியாக எங்கள் இருப்பறைச் சோபா. எங்களுக்கு வளர்ந்த பிள்ளைகள் இருவர், அறைகள் மூன்று. கணக்கு அதோடு முடிந்துவிடும்.

அக்காவுக்கு ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை. விடிய முதலே எழும்ப வேண்டும். பிள்ளைகள் தொலைக்காட்சியை நிறுத்தினால்தான் அவரால் படுக்க முடியும். உடுப்பு மாற்றுவதென்றால் குளியலறை. அழுவதென்றாலும் குளியலறைதான் என்று நினைக்கிறேன். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒருநாள் மட்டும், காரில் வேலைக்குக் கொண்டுபோய் விடும்போது சொன்னார்.

"தம்பி, எனக்கு ஒரு கதவு வேணும். அறை சின்னனாக் கிடந்தாலும் காரியமில்லை. உள்ளுக்கை பூட்டுற கதவு ஒண்டு."

அன்றைக்கே முடிவெடுத்தேன். கொட்டகையை இடித்துவிட்டு அக்காவுக்கு ஒரு சின்ன வீடு கட்டுவது. வளவில் வேறு இடமில்லை. மற்றப் பக்கமெல்லாம் நிலத்துக்குக் கீழே கழிவுநீர்க் குழாய் போகிறது. மனைவிதான் இழுத்தாள். அந்த இடத்தில் மச்சாள் எப்படித் தனியப் படுப்பா, பூசணி வெட்டியும் சந்தேகமாக இருக்கிறது என்றாள்.

அக்காவுக்குச் சிரிப்பு. "பேய் ஒரு மூலையிலை இருக்கட்டும், நான் ஒரு மூலையிலை இருக்கிறன். செத்ததுக்குக் கூட இந்த வீட்டிலை தனியிடம் குடுத்துப் பூட்டியெல்லே வச்சிருக்கிறியள்."

மனைவி அதோடு மறிப்பதை விட்டாள். 

நகரசபையில் விண்ணப்பித்தோம். வேலியில் அறிவித்தல் ஒட்டினார்கள். அது ஒட்டி ஒரு கிழமை போயிருக்காது, உயரமான, மெலிந்த ஒரு வெள்ளைக்காரர் வந்து கதவைத் தட்டினார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பழைய பந்தயக் கார்களின் சரித்திரத்தைச் சேர்க்கிற ஒரு கழகத்தின் ஆள். தொப்பியைக் கையில் பிடித்தபடி, கொட்டகையை இடிப்பதற்கு முன் ஒருமுறை பார்க்க விடுவீர்களா என்று கேட்டார்.

அந்தக் கொட்டகைக்குள் ஒரு மெக்கானிக் பந்தயக் கார் கட்டினாராம். பகலில் கராஜ் வேலை, வேலை முடிந்து வந்து இங்கே கார். பெரிய கொம்பனி ஒன்றும் கிடையாது, ஒரு தனி மனிசன். உலகத்தில் அவரைத் தெரிந்தவர்கள் கொஞ்சப் பேர்தான், ஆனால் அந்தக் கொஞ்சப் பேருக்கு அவர் குலதெய்வம். ஒரு பருவம் ஓடி முடிந்ததும் அந்தக் காரை அறுத்து, அதே குழாய்களிலும் சில்லுகளிலும் அடுத்த காரைச் செய்வாராம். அதனால் கடைசியாகக் கட்டிய ஒன்றைத் தவிர வேறெதுவும் முழுதாக மிஞ்சவில்லை. அது இப்போது மெல்பேர்னில் ஒருவரிடம் இருக்கிறது. வரைபடம் ஏதும் உண்டா என்று நான் கேட்டேன். இல்லை என்று அவர் தலையை ஆட்டினார். கடதாசியில் அந்த மனிசன் ஒரு கோடு கூடக் கீறியதில்லையாம்.

சும்மா போகிற ஓணானை வேலியிலிருந்து எடுத்து மடியில் விடுகிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆமைப்பூட்டின் திறப்பை எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே ஒரு உருவம் இருக்கிறது, கொலை கிலை நடந்ததோ தெரியாது என்று முதலே சொல்லி வைத்தேன். கம்பளத்தைத் தூக்கினேன். அந்த மனிசன் அப்படியே முழங்காலில் விழுந்தார்.  மாரடைப்போ என்று நினைத்து ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார்.

இதுதான் வரைபடம் என்றார். காரை ஓட்டப் போகிறவனைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, காரில் இருக்கிற மாதிரியே காலை மடித்துக் கையை நீட்டச் சொல்லி, சுற்றிவரப் பெயின்ற் அடிப்பது. பிறகு அந்த உருவத்தைச் சுற்றித் தரையிலேயே குழாய்களை வைத்து அளந்து ஒட்டுவது. உள்ளே ஆள் முதல், வெளியே கார் பிறகு. நாங்கள் பயத்தில் உரிக்காமல் விட்ட மிச்சக் கம்பளத்தையும் சேர்ந்து உரித்தோம். முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டு பெரிய வட்டங்கள், சில்லுகள். கூராக ஒரு மூக்கு. காலடியில் சின்னச் சின்னக் கோடுகள். முழுக் கார் ஒன்று என் வளவுக்குள் கிடந்திருக்கிறது. அதன் தலைமாட்டில் நாங்கள் பூசணி உடைத்திருக்கிறோம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்?

அவர் படம் எடுக்கத் தொடங்கினார். தலைப் பக்கம் வந்ததும் நின்றார். இந்தச் சிவப்பு என்ன, ஆரம்பத்தில் பூசிய கலரோ என்று மிக மரியாதையாகக் கேட்டார். சரித்திரம் சேர்க்கிற மனிசனிடம் பொய் சொல்லக் கூடாது. பூசணிக்காய் என்றேன். ஏன், எதற்கு என்றும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நீங்கள் பயந்து பூட்டி வைத்ததால்தான் இது தப்பியது, இல்லையென்றால் யாராவது புதுப் பெயின்ற் அடித்திருப்பார்கள் என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதைக் கேட்டு மனைவிக்குப் பெருமை. தேத்தண்ணியோடு வடையும் கொடுத்து அனுப்பினாள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. எங்களுக்குப் பிளான் கீறியவர் போன் எடுத்தார். கொட்டகையைப் பாரம்பரியச் சொத்தாகக் காக்க வேண்டும் என்று யாரோ நகரசபைக்கு எழுதியிருக்கிறார்களாம். பார்த்து முடிவு சொல்லும் வரைக்கும் ஒரு தகரத்தில் கூடக் கை வைக்க முடியாது. எவ்வளவு காலம் எடுக்கும் என்று கேட்டேன். தெரியாது அண்ணை, சில வேளை ஒரேயடியாகவே விடமாட்டார்கள் என்றார்.

"வடை குடுத்தன், கோதாரி," என்றாள் மனைவி. "வடையும் திண்டு, வீட்டிலையும் கை வச்சிட்டான்."

 அக்கா சோபாவில் கிடந்த போர்வையை மடித்துத் தலையணைக்கு மேல் வைத்து, இரண்டையும் சோபாவின் பின்னால் செருகினார். யாராவது வந்தால் கண்ணில் படக் கூடாது என்று ஒவ்வொரு நாளும் செய்கிற வேலை. 

எனக்கு ஆங்கிலம் கோபத்தில்தான் நன்றாக வரும். அந்த மனிசனுக்குப் போன் எடுத்து, செத்துப்போன ஒரு மெக்கானிக்குக்கு வீடு தேடுகிறாய், உயிரோடு இருக்கிற என் அக்காவை நடுவீட்டில் கிடக்க விடுகிறாய் என்று கத்தினேன். அவர் நல்லெண்ணத்தில் செய்ததாகத் திக்கித் திக்கிச் சொன்னார். அக்கா ஒருவர் இருப்பதே தனக்குத் தெரியாது என்றார். அதுவும் உண்மைதான். அவர் வந்த அன்றைக்கு அக்கா வேலையில் இருந்தார், போர்வை சோபாவுக்குப் பின்னால் இருந்தது. மெக்கானிக்கின் மகள் மலைப்பக்கம் ஒரு ஊரில் இருக்கிறா, அவவைக் கூட்டிக்கொண்டு வாறேன், எல்லாரும் இருந்து கதைப்போம் என்றார்.

சனிக்கிழமை அந்த அம்மா வந்து இறங்கினா. எழுபதைத் தாண்டிய, கட்டையான ஆள். ஊன்றுகோல். கொட்டகைக்குள் நுழைந்து சுற்றிப் பார்த்தா. அழுவா என்று எதிர்பார்த்தேன். எண்ணெய் மணம் போய்விட்டது என்று மட்டும் சொன்னா. அக்காவும் மனைவியும் வாசலில் நின்றார்கள்.

கழகத்துக்காரர் அவவிடம் கேட்க ஒரு கேள்வி வைத்திருந்தார். மெல்பேர்னில் இருக்கிற அந்தக் கடைசிக் காரைப் பற்றியது. அது அங்குள்ள ஒரு நெட்டையான ஓட்டுநருக்காகக் கட்டியது. ஆனால் அவர் ஒரே ஒரு தரம் ஏறி, காரணம் சொல்லாமலே இறங்கிவிட்டார். அதோடு மெக்கானிக் கார் கட்டுவதையே விட்டுவிட்டாராம். நெட்டை ஆள் அடங்காத அளவுக்குக் கார் குட்டையாக இருப்பதால், பின்னாளில் யாரோ அதை வெட்டிவிட்டார்கள் என்று கழகம் இத்தனை காலமும் சொல்லி வந்தது. யார் வெட்டியது என்று அவர்களுக்குள் பெரிய சண்டையாம். பேச்சுவார்த்தை இல்லாமல் போனவர்களும் உண்டாம்.

 அந்த அம்மா ஊன்றுகோலைத் திரும்பிப் பாராமலே பக்கத்தில் நின்ற அக்காவிடம் நீட்டினா. மெல்லக் குனிந்து, கையை ஊன்றி, தரையில் குந்தி, அந்த உருவத்துக்குள் ஒருக்களித்துப் படுத்தா. உடம்பு கோட்டுக்கு வெளியே பிதுங்கியது. ஆனால் முழங்கால் முழங்காலில் இருந்தது. குதி குதியில் இருந்தது.

"ஐயோ," என்றாள் மனைவி.

படுத்தபடியே அவ சொன்னா. ஓட்டுநர் மெல்பேர்னிலிருந்து ரயிலில் வருவதாக இருந்தது, வரவில்லை. அப்பாவுக்குப் பொறுமை கிடையாது. வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த என்னைக் கூப்பிட்டுப் படுக்க வைத்தார். ஓட்டுநர் என்னை விட உயரம் என்று சொன்னேன். பிறகு அளவைக் கூட்டி விடுவேன் என்றார். கூட்டவில்லை. காரை ஒருவரும் வெட்டவில்லை, அது என் அளவு. முடிந்த அன்றைக்கு அதற்குள் ஏறி இருந்தேன், கையுறை மாட்டியது மாதிரிப் பொருந்தியது. ஒருநாள் கூட ஓட விடவில்லை. பெண் பிள்ளைக்கு ஏன் என்று கேட்டார்.

இதைச் சொல்லும்போது அவவின் குரல் கொஞ்சம் கூட மாறவில்லை. கழகத்துக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாவம், இத்தனை வருடச் சண்டையும் ஒரு நிமிடத்தில் வீணாய்ப் போய்விட்டது.

பிறகு அவவுக்கு எழும்ப முடியவில்லை. அக்காதான் ஊன்றுகோலைச் சாத்திவிட்டு, கக்கத்துக்குள் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தி, சட்டையில் பட்ட தூசியைத் தட்டிவிட்டார். இரண்டு பேருக்கும் பொதுவான மொழி அதிகமில்லை. வீட்டுக்குள் வந்து கதிரையில் இருந்ததும் அந்த அம்மா அக்காவிடம், உங்கள் அறை எது என்று கேட்டா. அக்காவுக்கு அந்த அளவு ஆங்கிலம் விளங்கும். கையைச் சோபாப் பக்கம் காட்டினார். அந்த அம்மா சோபாவைப் பார்த்தா, பின்னால் துருத்திக்கொண்டிருந்த தலையணையைப் பார்த்தா. பிறகு கழகத்துக்காரரைப் பார்த்து, எழுதியதைத் திருப்பி எடு என்றா.

அவர் மன்றாடினார். மிஞ்சியிருக்கும் ஒரே வரைபடம் இது என்றார். என் அப்பா உயிரோடு இருந்தால் இந்தத் தகரத்தை எப்பவோ கழற்றி அடுத்த காருக்கு எடுத்திருப்பார், அவர் எதையும் வைத்திருந்ததில்லை, வைத்திருப்பது நீங்கள்தான் என்றா அவ. சூடு கூடிக்கொண்டு போனது. என்ன சண்டை என்று அக்கா என்னைக் கேட்டார். சொன்னேன்.

"நிலத்தை உடைக்கச் சொல்லி ஆர் கேட்டது?" என்றார் அக்கா. "நான் கேட்டது கதவு. நிலம் அப்பிடியே கிடக்கட்டும், அதுக்கு மேலை படுக்கிறன். உயிரோடை இருக்கிற மனுசியின்ரை படம்தானே, என்ன பயம்?"

"பார்க்க ஆக்கள் வருவினம் அக்கா."

"வரட்டும். ஆனால் கேட்டுட்டு வரட்டும். அதைச் சொல்லு."

சொன்னேன். கழகத்துக்காரர் எழும்பி அக்காவுக்குத் தலை குனிந்தார். கட்டாயம் கேட்டுத்தான் வருவோம் என்று இரண்டு தரம் சொன்னார். அடுத்த கிழமையே தான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். சொன்ன சொல்லை அந்த அளவுக்குக் காப்பாற்றினார், அதையும் சொல்ல வேண்டும்.

பழைய தரை சுவரைத் தாங்காது என்று பொறியாளர் சொன்னதால், சுற்றிவரப் புது அத்திவாரம் போட்டுச் சுவர் எழுப்பினோம். தரை உள்ளே அப்படியே கிடந்தது. அதன் மேல் கழகத்துக்காரர்கள் வந்து கண்ணாடி மாதிரி ஒரு பூச்சுப் பூசினார்கள். பூசணிச் சிவப்பையும் அழிக்காமல் விட்டார்கள். தகரத்தை அவர்களே கழற்றி ஏற்றிக்கொண்டு போனார்கள், என்ன செய்தார்களோ தெரியாது. அக்கா எந்த வேலையிலும் தலையிடவில்லை, கதவைத் தவிர. கடை கடையாக ஏறி இறங்கிப் பாரமான மரக்கதவு ஒன்றைத் தெரிந்தெடுத்தார். பூட்டு, கொண்டி, அதற்கு மேல் ஒரு சங்கிலியும். மச்சாள் என்ன வங்கியே நடத்தப் போறா என்று மனைவி என்னிடம் கேட்டாள்.

அக்கா குடிபோய்க் கொஞ்ச நாளில், ஒரு ஞாயிறு முற்பகல், கழகத்துக்காரர் வந்தார். அவரோடு இன்னொருவர், அந்தக் கடைசிக் காரை வைத்திருக்கிற மெல்பேர்ன்காரர். முதல் நாள் இரவே வெளிக்கிட்டு நேரே வண்டி ஓட்டி வந்தவராம். முகத்தில் களைப்பு, கண்ணில் ஆசை. முன்கூட்டிச் சொல்லவில்லை. எனக்கு என்ன, விருந்தாளி வந்தால் வாருங்கோ வாருங்கோ என்று சொல்லியே பழகிய வாய். இரண்டு பேரையும் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போய் அக்காவின் கதவைத் தட்டினேன்.

கொஞ்சம் பொறுத்துக் கதவு சங்கிலியோடு ஒரு சாண் திறந்தது. அக்காவின் ஒரு கண்ணும் பாதி முகமும் தெரிந்தன. தலைமயிர் அவிழ்ந்திருந்தது.

"அக்கா, உவை பார்க்க வந்திருக்கினம்."

"கேட்டவையே?"

"இல்லை. ஆனால் மெல்பேர்னிலையிருந்து, பாவம், அவ்வளவு தூரம்..."

"நான் படுத்திருக்கிறன் தம்பி."

பிறகு என் தோளுக்கு மேலால் அவர்களைப் பார்த்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "ருடே நோ. நெக்ஸ்ட் ரைம், ரெலிபோன்," என்றார். கதவு சாத்திக்கொண்டது. பூட்டுத் திரும்பியது, கொண்டி விழுந்தது.

எனக்கு மானம் போய்விட்டது.  என் வீட்டு வளவில், என் கண்ணுக்கு முன்னால், இவ்வளவு தூரம் வந்த மனிசனுக்கு இப்படி ஒரு பதிலா? இன்னொரு தரம் தட்டக் கையை ஓங்கினேன். ஓங்கின கை அங்கேயே நின்றது. மாமி வீட்டிலும் வவுனியாவிலும் சென்னையிலும் என் வீட்டிலும் அக்கா படுத்திருந்த இடத்துக்கூடாக ஆட்கள் நடந்து போனார்கள். ஒருவரும் தட்டியதில்லை, தட்டுவதற்கு ஒன்றும் இருந்ததுமில்லை. யாரையும் உள்ளே வராதே என்று அவர் சொல்லி நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. எனக்குச் சந்தோசமாக இருந்தது.

கையை இறக்கிக்கொண்டு திரும்பினேன். மெல்பேர்ன்காரர் என்னைப் பார்த்து, வீட்டுக்காரர் நீங்கள்தானே, நீங்கள் ஒரு சொல் சொன்னால் அவ கதவைத் திறக்கமாட்டாவா என்று கேட்டார்.

"நான் முன்வீட்டுக்காரன்," என்றேன். "இது அக்காவின் வீடு."